விளி வேற்றுமை

இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்கு
ஒரே நொடியில் போய்ச் சேர்ந்தது கடிதம்.
"அன்புள்ள பெயர்,
தங்கள் ஆர்வத்துக்கு நன்றி.
இம்முறை தங்களைத் தேர்வு செய்ய இயலவில்லை."

பெயர் வரவேண்டிய இடத்தில்
பெயர் என்றே விட்டுவிட்டது மென்பொருள்.
கிளைபேதா துறைமுகத்தில் அன்று மூடுபனி.
கிரேன்களுக்கு இடுப்புக்கு மேல் உடம்பில்லை.
பீட்ரூட் சூப்பை ஆறவிட்டுத்
திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இருநூற்றுப் பதினோரு பேர் வாய் திறக்கவில்லை.
ஒருவர் பதில் போட்டார்:
"பெயர் நலம்.
பெயருக்கு ஐம்பத்து நான்கு வயது.
பெயர் பத்தொன்பது வருடம் கிரேன் ஓட்டியவன்,
ஒரு கன்டெய்னரைக்கூடக் கீழே போட்டதில்லை.
பெயர் எதில் குறைந்துபோனான் என்று
பெயரின் மனைவி கேட்கிறாள்.
இப்படிக்கு, பெயர்."

சிரித்துவிட்டேன்.
பிறகு சூப் இறங்கவில்லை.

கோப்பைத் திறந்தேன். ரிமந்தஸ்.
உடல்தகுதிச் சான்று காலாவதியாகிப் பதினோரு நாள்.
அவ்வளவுதான்.
சல்லடை அதற்கு மேல் படிக்கவில்லை;
நானும்தான்.

வேற்றுமைகளின் வரிசையில்
கடைசியில் நிற்பது விளி.
எங்கள் லிதுவேனிய மொழியில்
ஒருவரை அவர் பெயரால் அப்படியே கூப்பிட முடியாது.
கூப்பிடும்போது பெயர் கொஞ்சம் வளைந்து கொடுக்கும்,
தாழ்ந்த நிலைவாசலில் தலை சாய்ப்பதுபோல.
மென்பொருள் ஒழுங்காக ஒட்டியிருந்தாலும்
எழுவாயைத்தான் ஒட்டியிருக்கும்.
ரிமந்தஸ் பட்டியலில் இருக்கிறவர்.
ரிமந்தாய் என்றால்
எதிரில் இருக்கிறவர்.

தொலைபேசியில் "ரிமந்தாய்" என்றேன்.
மறுமுனையில் படகு எஞ்சின், கடற்காகங்கள்.
"மனுஷிதானா?" என்றார்.
மனுஷிதான் என்றேன்.
வேலை வேறொருவருக்குப் போய்விட்டது,
திருப்பி வாங்க என்னால் ஆகாது என்றேன்.
சான்றிதழைச் சொன்னேன்.
"பதினோரு நாளா?" என்றார்.
அப்புறம், காற்று ஓய்ந்த ஓர் இடைவெளியில்,
என் பெயரைக் கேட்டார்.
ஔத்ரோனே.
கடைசி நெடிலைக் குறிலாக்கி,
பெண்களை விளிக்கும் எங்கள் வழக்கப்படி
என்னைக் கூப்பிட்டு, நன்றி சொல்லி, வைத்தார்.

மாலைக்கு ஏழு பேர் என்று வைத்துக்கொண்டேன்.
சிலர் எடுக்கவில்லை.
ஒருத்தி அரைமணி நேரம் திட்டினாள், நியாயமாக.
ஒருவருக்கு எந்த வேலை என்றே நினைவில்லை;
அறுபது இடத்தில் போட்டிருந்தாராம்.
ஒதெஸாவிலிருந்து வந்த ஃபேதிரை
ஃபேதிர் என்றே கூப்பிட்டேன்.
"எங்களிடமும் விளி உண்டு,
ஃபேதொரே என்று சொல்லுங்கள்."
சொன்னேன்.
இன்னொரு முறை சொல்லச் சொன்னார்.
இங்கே வந்து இரண்டு வருடமாக
அந்த ஏகாரம் காதில் விழவில்லையாம்.

மேலாளர் சௌலியுஸ் கணக்குப் போட்டார்:
ஆளுக்கு நாலு நிமிடம் என்றாலும்
மொத்தம் பதினாலு மணி நேரம்.
"இதனால் என்ன கிடைத்தது?"
எனக்குச் சொல்லத் தெரியவில்லை.
சொல்லத் தெரியாததையெல்லாம்
விரயம் என்ற பத்தியில் எழுதுவது அவர் வேலை.
எழுதட்டும்.

ஏப்ரலில் மறுபடி கிரேனுக்கு ஆள் தேடினோம்.
ஒரு விண்ணப்பத்தைச் சல்லடை ஒதுக்கியிருந்தது,
சிவப்புக் குறிப்போடு:
பெயர் அடையாள அட்டையோடு பொருந்தவில்லை.

திறந்து பார்த்தேன்.
உடல்தகுதிச் சான்று புத்தம் புதிது.
பெயர் என்ற கட்டத்தில்
பிசகில்லாமல் தட்டியிருந்தார்:
ரிமந்தாய்.